ஐந்து நாளும் பச்சை மை

ஹால் பதிவேட்டைத் திறந்த பூகோள வாத்தியார், திறந்த வேகத்திலேயே அதை மூடினார். சுற்றும் முற்றும் பார்த்தார். அலுவலக அறையில் யாரும் இல்லை. மறுபடி மெல்லத் திறந்தார்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து நாளும் ஹால் போயே போச்சு. ஐந்து கட்டத்திலும் ‘ஒதுக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே கையெழுத்து. என்ன நிகழ்ச்சி என்று எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. எழுதியிருந்தது பச்சை மையில்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பச்சை மைப் பேனா ஒரே ஒருவரிடம்தான் உண்டு. தலைமையாசிரியை. அவர் பச்சையில் எழுதியதைப் பற்றி யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் கணக்கு டீச்சர், “மேடம், நோட்டீஸ் போர்டுல ‘மரக்கன்று, சனிக்கிழமை’ன்னு போட்டிருக்கீங்களே, அது என்னது?” என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். “நல்ல வேளை, நீங்களே கேட்டீங்க” என்றார் தலைமையாசிரியை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கணக்கு டீச்சர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். மரங்கள் அவரைவிட உயரமாகிவிட்டன.

வாத்தியார் பதிவேட்டை அப்படியே கொண்டுபோய் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சரிடம் காட்டினார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அஞ்சு நாளா! சார், இது சாதாரண விஷயம் இல்ல. மேலிடத்திலிருந்து யாரோ வர்றாங்க.”

“யாரு?”

“எழுதலையே. எழுதாம விட்டிருக்காங்கன்னா எவ்வளவு பெரிய ஆளா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.”

“என் மாணவர் வாரமும் அதே அஞ்சு நாள்தானே டீச்சர்! பேச்சுப் போட்டி, வினாடி வினா, ஓவியம், பாட்டு, நாடகம், எல்லாத்தையும் நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்? நீங்க கொஞ்சம் மேடம்கிட்ட கேட்டுப் பாருங்களேன்.”

“எனக்கு ஏற்கெனவே பதினோரு மரம் இருக்கு சார்” என்றார் கணக்கு டீச்சர்.

மாணவர் வாரம் வாத்தியார் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது அல்ல. வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டுவது அங்கே வழக்கம். கூட்டத்தன்று வாத்தியார் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு வாரம் காத்திருந்தது. “முழுப் பொறுப்பும் உங்களோடதுதான் சார். நான் குறுக்கே வரவே மாட்டேன்” என்றார் தலைமையாசிரியை. வாய் மரத்துப் போயிருந்ததால் வாத்தியாரால் மறுக்க முடியவில்லை.

மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நாடகம்தான் அவருக்கு உயிர். ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் அதில் கலங்கரை விளக்கக் காவலரின் பெண்ணாக வருகிறாள். புயலில் விளக்கு அணைந்துவிடும். மேடை முழுக்க இருட்டு. கப்பல் பாறையில் மோதப்போகிறது. அப்போது அவள் ஒரு டார்ச்சை ஏற்றி, “கப்பலே, இந்தப் பக்கம் வா!” என்று கூப்பிடுவாள். மொத்த நாடகத்தில் அவளுக்கு அந்த ஒரு வரிதான். அதற்காக ஒரு மாதமாக வீட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்து ஒத்திகை நடக்கிறது. வாத்தியாரின் மனைவி இரண்டு முறை கட்டில் காலில் இடித்துக்கொண்டார்.

அன்றைக்கும் ஒத்திகை முடிந்து விளக்கைப் போட்டதும் மகள் கேட்டாள்.

“அப்பா, ஹால்ல நல்லா இருட்டா இருக்கும்ல? வெளிச்சம் இருந்தா டார்ச்சு தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க.”

“திரையெல்லாம் இழுத்து விட்டா கும்மிருட்டுடா கண்ணு” என்றார் வாத்தியார்.

அழைப்பிதழ்கள் எல்லா வீட்டுக்கும் போயாகிவிட்டன. இனி நிறுத்த முடியாது.

திங்கட்கிழமை பேச்சுப் போட்டியை நூலகத்தில் வைத்தார். நூலக அம்மா இடம் கொடுக்கச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

“சத்தம் மட்டும் கூடாது சார்.”

“பேச்சுப் போட்டிம்மா இது.”

“பேசட்டும். வேண்டாம்னு சொல்லலையே. மெல்லப் பேசட்டும்.”

முதல் மாணவன் முஷ்டியை உயர்த்தி, “இளைஞனே, எழுந்திரு!” என்று முழங்கினான். நூலக அம்மா மேசையை டொக் டொக் என்று தட்டி, சுவரில் இருந்த ‘அமைதி’ பலகையைக் காட்டினார். அவன் முஷ்டியை இறக்காமலே, “இளைஞனே... எழுந்திரு...” என்று கிசுகிசுத்தான். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல் பன்னிரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். நடுவர்கள் நாற்காலியை இழுத்து இழுத்து, கடைசியில் பேசுகிறவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

நூலக ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹால் தெரியும். கதவு விரியத் திறந்திருந்தது. முந்நூறு நாற்காலிகள் வரிசை பிசகாமல் நின்றன. மின்விசிறிகள் எல்லாம் சுற்றின. முன்வரிசையில் தலைமையாசிரியை தனியாக உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து எழுந்து போய்விட்டார்.

‘பாவம், வர வேண்டியவங்க இன்னும் வரலை போல’ என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

அந்த நேரத்தில் ஜல் ஜல் என்று சத்தம் கேட்டது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சலங்கை. அவரும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

“சார், ஒரு நிமிஷம். ஹால்...”

“அப்புறம் அண்ணே, அப்புறம்!” ஹால் என்ற சொல்லைக் கேட்டதுமே வாத்தியார் புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்தார். வருகிற பெரிய மனிதர்களுக்கு மாலை போட ஆள் தேடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

போட்டி முடிந்ததும் நூலக அம்மா கணக்குச் சொன்னார். மொத்தம் நாற்பத்தொரு தடவை மேசையைத் தட்டியிருக்கிறார். விரல் வீங்கிவிட்டது. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது.

அதனால் செவ்வாய்க்கிழமை வினாடி வினா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. அங்கே சத்தம் போடலாம். ஆனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. “உலகத்திலேயே ஆழமான ஏரி எது?” என்று வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள், ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கரண்டியும் கையுமாகச் சமையல்கார அம்மா சரியான பதிலைச் சொன்னார்.

“அம்மா, நீங்க சொல்லக்கூடாது.”

“தெரிஞ்சதைச் சொன்னா தப்பா? அடுத்ததைக் கேளுங்க.”

அடுத்ததையும் அவரே சொன்னார். எட்டு அணிகள் கலந்துகொண்ட போட்டியில் சமையலறை இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. முதலிடத்தைப் பிடிக்கிற மும்முரத்தில் அடுப்பில் இருந்ததை எல்லோரும் மறந்தார்கள். அன்று சாப்பாடு ஐம்பது நிமிடம் தாமதம். பசியோடு மைதானத்துக்குப் போன பிள்ளைகள் ஓட மாட்டோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டதாக உடற்பயிற்சி ஆசிரியர் சண்டைக்கு வந்தார். அவர் கழுத்தில் விசில் இல்லாத நேரமே கிடையாது. கோபம் வந்தால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை ஊதுவார்.

“என் பீரியட் போச்சு சார்! இதுக்கு என்ன சொல்றீங்க?” பீப்.

“மாஸ்டர், மன்னிச்சுக்குங்க. நாளைக்கு ஓவியக் கண்காட்சிக்கு இடமே இல்ல. உங்க வாலிபால் நெட்டை மட்டும் கொஞ்சம் குடுத்தீங்கன்னா படங்களை அதுல மாட்டிக்குவேன்.”

“கேக்குறது மன்னிப்பா, நெட்டா?” பீப். “சரி, எடுத்துக்கங்க. ஆனா வியாழக்கிழமை உங்க பாட்டு நிகழ்ச்சி நேரத்துல என் கயிறு இழுக்கிற போட்டியும் மைதானத்துலதான் நடக்கும்.”

வாத்தியாருக்கு வேறு வழி இல்லை. தலையாட்டினார். ஜல் ஜல் சத்தம் நெருங்குவதுபோல் இருந்ததால் வேகமாக ஆட்டிவிட்டு மாடிக்கு ஓடினார்.

இதற்குள் ‘மேலிடம்’ பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. ஐந்து பேர் குழு என்றார் ஒருவர். ஏழு பேர், அதில் ஒருவர் சிரிக்கவே மாட்டார் என்றார் இன்னொருவர். ஆசிரியர்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். புதன்கிழமையும் தலைமையாசிரியை ஹால் வாசலில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா குழப்பமா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. வாத்தியார் கோபம் என்றே முடிவு செய்தார்.

ஓவியக் கண்காட்சி காலையில் அழகாகத்தான் ஆரம்பித்தது. வலை முழுக்கத் துணி மாட்டும் கிளிப்பில் நூற்றிருபது படங்கள். பதினோரு மணிக்குக் காற்று வந்தது. காற்று எங்கிருந்து எங்கே வீசும் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவருக்கு அது வரும் என்று மட்டும் தோன்றவில்லை. படங்கள் மதிலைத் தாண்டித் தெருவுக்குப் பறந்தன. ஒரு யானை முடிவெட்டும் கடைக்குள் போனது. ஒரு சூரியன் நின்றுகொண்டிருந்த பேருந்துக்குள் ஏறிக்கொண்டது.

தெருவே திரண்டு வந்து படங்களைத் திருப்பிக் கொடுத்தது. முடிவெட்டுகிறவர் பாதிச் சவரம் செய்த வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இந்த யானையைப் போட்ட பிள்ளை யாருங்க? காது ரொம்ப நல்லா வந்திருக்கு.”

நன்றி சொல்லி அனுப்பியிருந்தால் போதும். ஆனால் வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படத்தோடு வந்த ஒவ்வொருவரிடமும், “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாடகம் இருக்கு. குடும்பத்தோட கட்டாயம் வரணும்” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட அறுபது பேரிடம் சொன்ன பிறகுதான் நாடகத்துக்கு இடமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை மைதானத்தில் ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கயிறு. பாட்டுக் குழு மெல்ல ஆரம்பித்தது. கயிறு இழுக்கிறவர்களும் மெல்ல இழுத்தார்கள். பாட்டு வேகம் பிடித்தது. கயிறும் வேகம் பிடித்தது. கடைசிச் சரணத்தின் உச்ச சுருதியில் கயிறு ஒரே இழுப்பாகப் போக, தோற்ற அணி மொத்தமாகப் பாட்டுக் குழுவின் மேல் வந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. கைதட்டல்தான் காதைப் பிளந்தது. இரண்டும் ஒரே நிகழ்ச்சி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வாத்தியார் கைதட்டவில்லை. நாளைக்கு நாலு மணி வெயிலில் மகள் டார்ச் அடிப்பதையும், பிள்ளைகள் சிரிப்பதையும் நினைத்தபடி நின்றார். ஒரு மாதமாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அழுகையே வந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது மகளிடம் சொல்லிவிட்டார்.

“கண்ணு, ஹால் கிடைக்கல.”

அவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். “இருட்டா வேற ரூம் இல்லையாப்பா? சின்னதா இருந்தாக்கூடப் போதும்” என்றாள்.

ஒன்று இருந்தது. இயற்பியல் ஆய்வகத்தின் கோடியில் ஒளிச் சோதனை செய்கிற இருட்டறை. கதவைச் சாத்தினால் சொந்தக் கையே தெரியாது. நடிக்கிற நால்வர் போக, பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தவர்கள் இருநூற்று நாற்பது பேர்.

“கணக்கு சுலபம் சார்” என்றார் கணக்கு டீச்சர். “பதினாறு தடவை போடணும்.”

நாடகத்தின் கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம். பதினைந்து பதினைந்து பேராக உள்ளே விட்டு, பின் கதவு வழியாக வெளியே அனுப்பினார்கள். வரிசை ஆய்வகத்திலிருந்து தாழ்வாரம், படிக்கட்டு, முற்றம் என்று வளைந்து வளைந்து போனது. காத்திருக்கிறவர்கள் முணுமுணுப்பார்களே என்று வாத்தியார் பயந்தார். ஆனால் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தப்பிப் பிழைத்த ஓவியங்களைத் தாழ்வாரத்தில் ஒட்டினார்கள். பாட்டுக் குழு படிக்கட்டில் உட்கார்ந்து பாடியது. திங்கட்கிழமை கிசுகிசுத்த மாணவன் முற்றத்தில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, “இளைஞனே, எழுந்திரு!” என்று ஐந்து நாள் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்து முழங்கினான். சமையல்கார அம்மா தேநீர் கொடுத்துக்கொண்டே வரிசையில் நின்றவர்களைக் கேள்வி கேட்டார். விடை தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிஸ்கட்.

பத்தாவது காட்சியில் டார்ச் மங்கியது. வாத்தியார் வெளியே ஓடிவந்தார்.

“மாஸ்டர், உங்க ஒலிபெருக்கில பேட்டரி இருக்கா?”

“இருக்கு. நான் எதை வச்சுக் கத்துறது?”

“உங்களுக்கு எதுக்கு மாஸ்டர் ஒலிபெருக்கி?”

உடற்பயிற்சி ஆசிரியருக்கு அது பாராட்டாகவே பட்டது. உடனே பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். பீப் என்று ஒரு தடவை ஊதி வாழ்த்தும் சொன்னார்.

பதினாறாவது காட்சிக்கு வாத்தியாரும் மனைவியும் உள்ளே நுழைந்தார்கள். கதவு சாத்தும் சமயத்தில் தலைமையாசிரியையும் வந்து அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இருட்டு கப்பென்று மூடியது. புயல் ஊளையிட்டது. விளக்கு அணைந்தது. கப்பல் பாறையை நோக்கி வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

“கப்பலே, இந்தப் பக்கம் வா!”

ஒரு மாதமாகத் தினமும் கேட்ட வரிதான். ஆனாலும் வாத்தியாரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்ல வேளை, இருட்டு.

வெளியே வந்ததும் மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குரல் கட்டிப் போயிருந்தது.

“பதினாறு தடவைப்பா! ஹாலா இருந்தா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருப்பேன்!”

“இனிமே வீட்டுல விளக்குப் போடலாமா?” என்று கேட்டார் மனைவி.

தலைமையாசிரியை அருகில் வந்தார். வாத்தியார் நிமிர்ந்து நின்றார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஊரே உள்ள வந்துடுச்சு. அடுத்த வருஷமும் நீங்களேதான்.” போகத் திரும்பியவர் சற்றுத் தயங்கினார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு திங்கட்கிழமையில இருந்து நினைச்சுக்கிட்டிருக்கேன்... சரி, வேண்டாம். பொறுப்பைக் குடுத்துட்டுக் குறுக்கே வரக்கூடாதுன்னு இருக்கேன்.”

அவர் போய்விட்டார். திட்டு விழவில்லை என்ற நிம்மதியில் வாத்தியார் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தார். சலங்கைச் சத்தம் பக்கத்தில் வந்தது. இந்தத் தடவை அவர் ஓடவில்லை. வாரம்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம்.

“சார், இப்பவாவது ஒரு நிமிஷம் நில்லுங்க. ஹால்ல நாற்காலியெல்லாம் எடுத்துடலாமா?”

“அதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க அண்ணே? மேடம்கிட்ட கேளுங்க. பாவம், அவங்களும் அஞ்சு நாளா வாசல்ல நின்னு காத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசி வரைக்கும் அந்த விருந்தாளிங்க வரவே இல்லையே.”

சலங்கை சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த விருந்தாளி சார்? உங்க மாணவர் வாரத்துக்குன்னுதானே மேடம் அஞ்சு நாளும் ஹாலை ஒதுக்கி, நிகழ்ச்சி பேரை நீங்களே வந்து எழுதுவீங்கன்னு கட்டத்தைக் காலியா விட்டிருந்தாங்க!”